காதுகுத்துக்கு எவ்வளவு

என் வருமானம் எவ்வளவு என்று என் மனைவிக்குத் தெரியாமலே பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறோம். நான் மறைத்தேன் என்று சொல்ல முடியாது. எனக்கே தெரியாது.

நான் ஜீப் ஓட்டுகிறேன். சொந்த ஜீப். போடியிலிருந்து காலை ஐந்தரைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவேன். காய் எடுக்கும் மாதங்களில் வாரத்துக்கு ஆறு நாளும் ஓட்டம் இருக்கும். மாசி, பங்குனியில் மலை காய்ந்துவிட்டால் தோட்டத்திலிருந்து மலையாளி மேஸ்திரி போன் செய்து, "சேட்டா, நாளெ பணியில்லா கேட்டோ" என்பார். மறுநாள் வேலையில்லாமல் ஜீப் வீட்டு வாசலில் நிற்கும், நானும் நிற்பேன். வாடகைப் பணம் சட்டைப்பைக்கு வரும். அதிலிருந்து டீசல் போடுவேன், டயருக்குக் கொடுப்பேன், டீ குடிப்பேன். மனைவி கேட்கும்போது மிச்சம் இருப்பதை எடுத்துக் கொடுப்பேன். மிச்சம் இல்லாவிட்டால் "நாளைக்கு" என்பேன். இதைத்தான் குடும்பம் நடத்துவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி ஏலக்காய் கிட்டங்கியில், அதாவது குடோனில், தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறாள். பச்சை, வெளிறியது, வெடித்தது, சிறுசு என்று காயை விரலாலேயே பிரிக்க வேண்டும். சனிக்கிழமை கூலி. அந்தக் கூலி எவ்வளவு என்று எனக்கும் தெரியாது. நான் கேட்டதில்லை.

ஒரு பங்குனி மாதம், வெயில் ஏறிய நேரம், கேஸ் சிலிண்டர் வந்தது. மனைவியிடம் பணம் குறைவாக இருந்தது. எனக்குப் போன் செய்தாள். நான் என்னோடு வண்டி ஓட்டும் ஒருவரின் புது வீட்டுப் பால்காய்ப்பில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்துக்கு முன்புதான் இரண்டாயிரம் மொய் எழுதியிருந்தேன். பையில் நூற்றுச் சில்லறை மிச்சம். சிலிண்டர் கொண்டுவந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அடுத்த லோடுல வாங்கிக்கங்கக்கா" என்று திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்களாம். அதை அவள் பிறகுதான் சொன்னாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவள் சத்தம் போடவில்லை. சாப்பாட்டுத் தட்டில் கடை இட்லி இருந்தது.

"இங்கேருங்க, எனக்குச் சண்ட போட தெம்பு இல்ல. இந்த வீட்டுக்கு எவ்வளவு வருது, எவ்வளவு போகுதுன்னு எனக்குத் தெரியணும். பிள்ளைகளுக்கும் தெரியணும். ஞாயித்துக்கெழம ஒக்காருவோம்."

"பிள்ளைகளுக்கு எதுக்கு இந்தச் சோலி?"

"அதுக வயித்துக்குத்தான சோறு ஆக்குறோம்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். மகள் அப்போது பிளஸ் ஒன் முடிக்கும் நேரம். மகன் எட்டாவது. மகள் எழுதாத பக்கங்கள் மிச்சமிருந்த ஒரு நோட்டை எடுத்து வந்தாள். முதல் கேள்வியை அவள்தான் கேட்டாள்.

"டீசல் ஒரு நாளைக்கு எவ்வளவுப்பா?"

"ஏறக்குறைய..."

"ஏறக்குறையன்னா எழுத முடியாதுப்பா."

அன்று நான் சொன்னதெல்லாம் ஏறக்குறையதான். ஒரு மாதம் தினமும் குறித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அடுத்த மாதம் பார்த்தபோது ஜீப்பில் வருவதில் பாதிக்கு மேல் ஜீப்பே தின்றது. மிச்சத்தில் டீ, வடை, போடிமெட்டில் பரோட்டா, கூட ஓட்டுகிறவர்களுக்கு வாங்கிக் கொடுப்பது என்று நான் செலவழித்தது பையன் பள்ளிக்கூட வேன் கட்டணத்தைவிட அதிகம். அந்த வரியை மகள் சத்தமாக வாசிக்காமல் எண்ணை மட்டும் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போனாள். மகன், "நான் வேணும்னா சைக்கிள்ல போறேன்" என்றான். மனைவி, "ரோட்டுல லாரி போற போக்குக்கு நீ ஒன்னும் சைக்கிள்ல போக வேணாம்" என்று அந்தப் பேச்சை அதோடு நிறுத்தினாள்.

பிறகு அவள் தன் கூலியைச் சொன்னாள். அதில் ஒரு பகுதியைக் கிட்டங்கியில் வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து நடத்தும் சீட்டில் மூன்று வருடமாகப் போட்டு வருவதையும் சொன்னாள். மகள் படிப்புக்கு. எனக்கு அது புதுச் செய்தி.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

ஆனால் எங்கள் எல்லோரையும் அசைத்தது வேறொரு வரி. எங்கள் பக்கத்தில் செய்முறை என்போம். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வீடு பால்காய்ப்பு என்று சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு மொய்யாகவும் சீராகவும் செய்வது. மொய் நோட்டை எடுத்து ஒரு வருடத்துக்குக் கூட்டினாள் மகள். கூட்டிவிட்டு, தப்பாக இருக்கும் என்று திரும்பக் கூட்டினாள். வருடம் முழுக்க நாங்கள் அரிசி, பருப்பு, எண்ணெய்க்குச் செலவழித்ததைவிட அது அதிகமாக இருந்தது.

"இது செலவில்ல. போட்டது திரும்பி வரும்" என்றேன்.

"எப்ப வரும்? இவ கல்யாணத்துலதான வரும்? அதுக்கு முன்னாடி காலேசு பீசு கட்டணும்ல?" என்றாள் மனைவி.

அன்றைக்கு ஒரு முடிவு செய்தோம். ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும் எந்தச் செலவுக்கும் நாலு பேரும் அந்த நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மகன் தன் கையெழுத்தை எப்படிப் போடுவது என்று அன்று முழுதும் பழகிக்கொண்டிருந்தான்.

இதனால் எங்களுக்குப் பணம் கூடிவிடவில்லை. எந்த வாரத்தில் தீரும் என்று முன்கூட்டியே தெரிந்தது, அவ்வளவுதான். சித்திரையில் இருந்த ஓட்டத்துக்குத் தகுந்தபடி ஆட்டுக்கறி கோழியாகி, கோழி முட்டையானது. நான் வீட்டிலிருந்து டீயை பிளாஸ்கில் கொண்டுபோக ஆரம்பித்தேன். கூட ஓட்டுகிறவர்கள் கேலி செய்தார்கள். ஒரு வாரத்தில் அவர்களுக்கும் பழகிவிட்டது. ஆடியில் மழை பெய்து மலையில் வேலை ஆரம்பித்தபோது, பல வருடங்களில் முதல்முறையாக யாருக்கும் கைமாற்று பாக்கி இல்லாமல் இருந்தோம்.

ஆவணியில் தேவாரத்திலிருந்து என் தங்கை வந்தாள், புருஷனோடும் கடைசிப் பையனோடும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய். ஐந்து வயதுப் பையனுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தப் போகிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கு ஒரே தங்கை, அந்தப் பையனுக்கு நான் ஒரே மாமன்.

"அண்ணே, பெரியவ சடங்குக்கு நீ செஞ்சத இன்னும் ஊர்ல பேசுறாக. இதுதான் எங்க வீட்டுக் கடைசி விசேஷம். நல்லா செஞ்சுரு" என்றாள்.

தங்கையின் மூத்த மகள் வயதுக்கு வந்த சடங்குக்கு நாலு வருடத்துக்கு முன்பு ஒன்றரைப் பவுனில் செயின் போட்டேன். நூற்றியொரு தட்டு, கிடாய், வேட்டு, மேளம். அதற்காக ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தை பைனான்சில் வைத்தேன். அது தங்கைக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரியும். அந்தக் கடன் அடைந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"ஒன்னுங் கொறையாதுத்தா. ஜமாய்ச்சுருவோம்" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. மனைவி காபி டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள். பையன் தலையைத் தடவினாள்.

அவர்கள் பஸ்சுக்குக் கிளம்பிப் போனதும் மகன் நோட்டை எடுத்துவந்து தரையில் வைத்தான். அவனிடம் யாரும் சொல்லவில்லை.

"அது என் தங்கச்சி. அவளுக்குச் செய்யுறதுக்கு இவன்கிட்ட கையெழுத்து வாங்கணுமா?" என்று கத்தினேன். அந்த வருடத்தில் நான் வீட்டில் கத்தியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

"செய்ய வேணாம்னு நான் சொல்லல. எதுல இருந்து செய்யப் போறீங்கன்னு கேக்குறேன்" என்றாள் மனைவி. "சீட்டுப் பணத்துல இருந்தா? ஆர்.சி. புக்க வச்சா? ரெண்டுல எதுன்னு சொல்லுங்க. கையெழுத்துப் போடுறேன்."

பிறகு மகள், "நான் வேணும்னா இங்க போடியிலயே ஏதாச்சும் படிச்சுக்கிறேன்பா. மதுரைக் காலேசுக்குப் போகல" என்றாள். அவள் அதைத் தியாகம் போலச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு வரியை அடித்து இன்னொரு வரியை எழுதுவதுபோலச் சொன்னாள். அவள் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தொகை முடிவானது. பையனுக்குக் கால் பவுனில் கடுக்கன், பட்டு வேட்டி சட்டை, தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் துணி, இருபத்தியொரு தட்டு. கிடாய் இல்லை, செயின் இல்லை, வேட்டு இல்லை. மூன்று கையெழுத்து விழுந்தது. நான் புதன்கிழமை போட்டேன்.

இதைத் தங்கையிடம் யார் சொல்வது என்று பேச்சு வரவில்லை. நான்தான் சொல்ல வேண்டும். இரண்டு தடவை போன் செய்தேன். ஒரு தடவை மழையைப் பற்றியும், இன்னொரு தடவை பையனுக்குச் சட்டை அளவைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாவதாக நேரிலேயே போனேன்.

தேவாரத்தில் அவர்கள் தோட்டம் மலை அடிவாரத்தில் இருக்கிறது. மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். நான் போனபோது தோட்டத்தின் மேல் மூலையில் பெரிய உருவம் ஒன்று விழுந்து புரண்டதுபோலப் பயிர் படுத்துக் கிடந்தது. மூன்று நாளைக்கு முன்பு யானை இறங்கியிருக்கிறது. தங்கை ஒடிந்த தட்டைகளில் தேறிய கதிர்களைப் பறித்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கிணற்றுப் பக்கம் இருந்தார்.

நானும் கதிர் பறித்தேன். அரைச் சாக்கு நிறைந்த பிறகு சொன்னேன். என்ன செய்ய முடியும் என்பதைச் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன்.

அவள் பறிப்பதை நிறுத்தவில்லை.

"மதினி சொல்லிவிட்டுச்சா?"

"நாலு பேரும் ஒக்காந்து பேசித்தான் முடிவு பண்ணோம்."

"எம்பிள்ளைக்கு என்ன செய்யுறதுன்னு ஓம்பிள்ளைக முடிவு பண்ணுதாக்கும்." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நான் செயின நம்பிட்டேன்ண்ணே. ஒனக்குப் புரியல. போட்டு நாலு பேரு பாத்தப்பறம் அத வச்சு, சோளத்துல வர்ற காசு போக மீதி நிக்கிற வெள்ளாமக் கடனக் கட்டலாம்னு இருந்தோம்."

"அடகு வைக்கவா?"

"பின்ன? பெரியவ செயின மட்டும் கழுத்துலயா வச்சிருக்கோம்? சடங்கு முடிஞ்ச மறுமாசமே தோட்டத்துல போர்வெல் போட அடகுக்குப் போயிருச்சு. தண்ணி வரல. திருப்ப முடியல. ஏலத்துல போச்சு."

நான் அந்தச் செயினுக்காக பைனான்சில் மாதாமாதம் கட்டிய பணம் நினைவுக்கு வந்தது. அவள் சொன்ன கணக்குப்படி, செயின் ஏலத்தில் போன பிறகும் இரண்டு வருடம் நான் அதற்குத் தவணை கட்டியிருக்கிறேன். சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

அவள் வரப்பில் உட்கார்ந்தாள். "ஜீப்ப வச்சா செஞ்ச? அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ செயினு போனதச் சொன்னியா?"

"எப்படிண்ணே சொல்லுவேன்?"

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாங்க மச்சான், எப்ப வந்தீக?" நாங்கள் இரண்டு பேரும் உடனே யானையைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். எத்தனை யானை, எந்தப் பக்கமாக இறங்கியது, வெடி போட்டும் போகவில்லையா என்று நான் கேட்டேன். தங்கையும் விவரமாகப் பதில் சொன்னாள்.

நான் கிளம்பும்போது மாப்பிள்ளை எட்டப் போனதும், "எல்லாஞ் சரிண்ணே. பத்திரிக்க அடிச்சாச்சு. கூட்டத்துல நான் எப்படி நிப்பேன்?" என்றாள். "சாப்பிட்டுப் போ" என்று அவள் சொல்லவில்லை. எனக்கு விவரம் தெரிந்து அவள் அப்படிச் சொல்லாமல் என்னை அனுப்பியது அன்றுதான்.

விசேஷத்தன்று ஜீப்பிலேயே போனோம். மனைவி தட்டுகளை மூன்று தடவை துடைத்து, பழங்களை உயரமாக அடுக்கியிருந்தாள். இருபத்தியொரு தட்டும் என் கூட வேலை செய்கிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் கையில் சீக்கிரமே ஒரு வரிசையாகப் போய் முடிந்துவிட்டது. மேளக்காரர் இன்னும் வரும் என்று நினைத்து அடித்துக்கொண்டே நின்றார். மகள் அவரிடம் போய் ஏதோ சொன்ன பிறகு நிறுத்தினார்.

மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலையோடு பையனை என் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி கடுக்கனை எடுத்ததுமே அழ ஆரம்பித்துவிட்டான். என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டான். அந்த வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு காது முடிந்து மறு காதுக்குத் திரும்பும்போது, "மாமா, போதும் மாமா" என்றான்.

சீரை மைக்கில் வாசிப்பார்கள். வாசிக்கிறவர் பெரியவள் சடங்குக்கும் வாசித்தவர். சீட்டைப் பார்த்துவிட்டு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"வேற ஏதும் இருக்கா அண்ணே?"

"அவ்வளவுதான்."

"தாய்மாமன் சீர், கால் பவுன் கடுக்கன்..." என்று வாசித்தார். அவர் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. அடுத்ததாக மாப்பிள்ளையின் அண்ணன் மோதிரம் போட்டதை வாசித்தபோது வேட்டு வெடித்தது. எனக்குக் காது சூடாக இருந்தது. பக்கத்தில் யாரோ, "மலையில இப்ப ஓட்டம் இல்ல போல" என்றார்கள். மனைவி என் பின்னால்தான் நின்றாள். திரும்பிப் பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை. பந்தியில் பரிமாற மற்ற எல்லா இலைக்கும் தங்கை வந்தாள். எங்கள் வரிசைக்கு அவள் நாத்தனாரை அனுப்பினாள்.

அதன் பிறகு நாலு மாதம் போன் இல்லை. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்துவிட்டோம். வாங்கிக்கொண்டாள். வரவில்லை.

தை மாதம் போடிமெட்டுச் சாலையில், லோடோடு ஏறும்போது ஜீப்பின் கியர்பாக்ஸ் போனது. பெண்களை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். ஒன்பது நாள் ஓட்டம் இல்லை. முன்னே என்றால் அன்றைக்கே பைனான்சுக்குப் போயிருப்பேன். இந்தத் தடவை நோட்டில் வண்டிக்கென்று ஒதுக்கியிருந்த தொகை சரியாக இருந்தது என்று சொன்னால் பொய். முக்கால்வாசி இருந்தது. மிச்சத்தை மெக்கானிக்கிடம் இரண்டு தவணையாகக் கேட்டுக்கொண்டோம்.

மகள் பிளஸ் டூ முடித்தாள். மதுரையில் இடம் கிடைத்தது. முதல் வருடப் பணத்தை மனைவி சீட்டை எடுத்துக் கட்டினாள். நான் கல்லூரி அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது அந்தப் பணக்கட்டு என் பையில்தான் இருந்தது. அது முழுக்க விரலால் காய் பிரித்துச் சேர்த்த பணம் என்பதை நான் அங்கே நின்றுதான் யோசித்தேன். மகள் முன்னால் நின்ற பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, சொல்லாமல் கொள்ளாமல் தங்கை வந்தாள். தனியாக வந்தாள். ஒரு மஞ்சள் பையில் நிலக்கடலையும் ஒரு போர்வையும் இருந்தது. "ஆஸ்டல்ல குளுரும்" என்றாள். மதுரையில் குளிராது என்று யாரும் சொல்லவில்லை. மகள் கையில் இரண்டாயிரம் ரூபாயைத் திணித்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள், அம்மா என்னைப் பார்த்தாள்.

"வாங்கிக்க ஆத்தா. அத்த குடுக்குறா" என்றேன்.

பிறகு தங்கையும் மனைவியும் அடுப்படிக்குள் வெகு நேரம் இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை தங்கையின் அழுகைச் சத்தம் கேட்டதுபோல இருந்தது. பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். வெளியே வந்தபோது தங்கை, "வெரசாக் கெளம்புறேண்ணே, தேவாரம் போற கடைசி பஸ்ச விட்டா ராசிங்காபுரத்துல எறங்கி நடக்கணும்" என்றாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும்போது பெரியவளைப் பற்றிக் கேட்டேன். அவளும் காலேஜில் சேர்ந்திருப்பதாகவும், இந்த வருடம் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டு அந்தப் பணத்தில் கட்டியதாகவும் சொன்னாள். தன் வீட்டில் நோட்டு எதுவும் போடவில்லை என்றும், அதெல்லாம் தனக்கு ஒத்துவராது என்றும் சொன்னாள்.

இப்போது இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இருக்கிறது. ஆனாலும் எங்கள் சொந்தக்காரர்கள் நடுவில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. அண்ணன் நல்லவன், மதினிதான் காதுகுத்துச் சீரைக் குறைத்துவிட்டாள் என்று. அதைத் தங்கை ஆரம்பித்தாளா, கூட்டமே ஆரம்பித்ததா, தெரியவில்லை. மனைவி காதுக்கும் வந்தது. "சொல்லிட்டுப் போறாக" என்று அவள் வேலையைப் பார்த்தாள்.

அது உண்மையில்லை. நாலு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு, அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. யாராவது என் எதிரில் அப்படிப் பேசினால் திருத்துவது என்று வைத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் திருத்தினேன். மூன்றாவதாக ஒரு கல்யாண வீட்டில், பெரிய கூட்டம், பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னார், "ஒன்னச் சொல்லிக் குத்தமில்லப்பா, வீட்டுக்காரி கேக்கணும்ல." நான் ரசத்துக்காகக் காத்திருப்பதுபோல இலையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.